கீழ்க் கப்பில் ஒரு தோல் வளையம்

என் டூல் பாக்ஸின் அடித்தட்டில், ஸ்பேனர்களுக்கும் பழைய பெல்ட் துண்டுகளுக்கும் கீழே, ஷூ பாலிஷ் தீர்ந்த ஒரு தகர டப்பா பதினேழு வருஷம் கிடந்தது. பாக்ஸைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே 'கிளிங்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குள் இரண்டே சாமான்கள். ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற ஓர் இரும்புக் கிண்ணம். சைக்கிள் கடைக்காரர்கள் கப் என்பார்கள். ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற குழாயின் அடிவாயில் அதை அடித்து இறக்கியிருப்பார்கள். அதற்குள் பால்ரஸ் குண்டுகள் உருண்டால்தான் ஹேண்டில் திரும்பும், முன் சக்கரமும் கூடவே திரும்பும். இன்னொன்று, ஒரு தோல் வளையம். மையில் முக்கி எடுத்தது மாதிரி கறுத்து, காய்ந்து, விறைத்துப் போனது.

அந்த வளையத்தை வெட்டியவன் நான். வெட்டாமல் இருந்திருந்தால் அம்மா இன்னும் சில வருஷமாவது இருந்திருப்பாள். அதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. அம்மாவைச் சாகடித்தது தன் கைகள்தான் என்று என் தங்கச்சி பதினேழு வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆதாரத்தை டப்பாவில் போட்டு மூடிவைத்துக்கொண்டு, அவள் வீட்டுக்குப் போய் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

தங்கச்சிக்கும் எனக்கும் ஆறு வயசு வித்தியாசம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா, நான், அவள், மூன்றே பேர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பன்னிரண்டாவது முடித்ததும் அவளும் அதே கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தாள். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. நேர்த்தையல் யார் வேண்டுமானாலும் போடலாம். மூக்குப் பக்கம் தோல் வளைகிற இடத்தில்தான் ஆள் தெரியும். அந்த இடத்தில் எல்லோரும் மிஷினைக் கொஞ்சம் நிறுத்துவார்கள். இவள் நிறுத்த மாட்டாள். விரல் நுனியால் தோலைத் திருப்பிக்கொண்டே போய்விடுவாள். புதிதாக வந்த பெண்களை லைன் சூப்பர்வைசர் அவளுக்குப் பின்னால் நிற்க வைத்து, "அவ மூஞ்சிய பாக்காதீங்க, கைய பாருங்க" என்பார். அவளுக்கும் அந்தக் கர்வம் உண்டு. அம்மா பாத்திரம் துலக்கச் சொன்னால், "இது எக்ஸ்போர்ட் கைம்மா. கரி பட்டா கம்பெனிய மூடிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே துலக்கவும் செய்வாள்.

பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள்தான் அவளுக்கு. வேலைக்கும் அதில்தான் போனாள். வழியில் தோல் மண்டித் தெரு. லாரியில் வந்து இறங்குகிற பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பை அள்ளிப் போட்டு அடுக்கியிருப்பார்கள். அந்த உப்பு தெருவில் சிந்தும், தோலிலிருந்து வடிகிற தண்ணீரில் கரையும். சித்திரை வெயிலிலும் அந்தத் தெரு ஈரமாகத்தான் இருக்கும். அதன் நாற்றம் எங்களுக்கு நாற்றமாகவே தெரியாது; வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலைச் சாத்தும்போதுதான் ஞாபகம் வரும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அந்த உப்புத் தண்ணீரை மிதித்துக்கொண்டுதான் அவள் சைக்கிள் போய் வரும்.

ஒருநாள் வந்து சொன்னாள், "அண்ணா, ஹேண்டில் கீச்சுகீச்சுன்னு கத்துது. கேட்ல வாட்ச்மேன் சிரிக்கிறாரு." அந்த ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தேன். சைக்கிள் தலைக்குழாயில் மேலே ஒரு கப், கீழே ஒரு கப். மேல் கப்பில் கிரீஸ் அப்படியே இருந்தது. கீழ்க் கப்பில் கிரீஸ் கரைந்து, குண்டுகள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. காரணம் சாதாரணமானது. மேல் கப் மழைக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும். கீழ்க் கப் முன் சக்கரத்துக்கு நேர் மேலே, வாயைக் கீழே பார்க்க வைத்துக்கொண்டு இருக்கிறது. சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர், மண், உப்பு எல்லாம் நேராக அங்கேதான் போகும். கப்புக்கும், அதன் கீழே முன் சக்கரத்தைக் கவ்வியிருக்கிற ஃபோர்க்கில் உட்கார்ந்திருக்கிற கோனுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. அதை மூடுவதற்கு இந்தச் சைக்கிள்களில் ஒன்றுமே கிடையாது. முன்பக்கத்துப் பாரம் மொத்தமும் வந்து உட்காருகிற இடத்தைத் திறந்துபோட்டு விட்டிருக்கிறான்களே, முட்டாள்கள் என்று நான் நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் என் தலைக்கனம். கம்பெனியில் வெளிநாட்டு மிஷின்களின் பேரிங்கை மாற்றுகிறவன் நான். அவற்றில் இரண்டு பக்கமும் ரப்பர் உதடு ஒட்டி, கிரீஸை உள்ளேயே பூட்டி வைத்திருப்பார்கள். தூசி புகாது, எண்ணெய் கசியாது. அந்த நேர்த்தியைப் பார்த்துப் பார்த்து, திறந்திருக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு மூட வேண்டும் என்று கை அரிக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூடுவது என்றால் தோல்தான். குழாய் ஒழுகினால் தோல் வாஷர், பீரோ ஆடினால் காலுக்கு அடியில் தோல், கதவு கத்தினால் கீலில் தோல், குக்கர் பிடி கழன்றால் அதைச் சுற்றித் தோல். சைக்கிள் பம்ப்புக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கிறதும் ஒரு தோல் கிண்ணம்தானே. காற்றையே அடைக்கிற தோல், தண்ணீரை அடைக்காதா?

கட்டிங் செக்‌ஷனில் ஷூவின் அடித்தோலில் விழுந்த கழிவுத் துண்டு ஒன்றை எடுத்தேன். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோல். வட்டப் பஞ்ச் வைத்து வளையமாக வெட்டினேன். உருக்கிய கிரீஸில் ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன். ஃபோர்க்கை இறக்கி, கோனுக்கு அடியில் அந்த வளையத்தை மாட்டி, மறுபடி ஏற்றினேன். கப்பின் உதடு தோலில் அழுத்தமாகப் போய் உட்கார்ந்தது. ஒரு தலைமுடி நுழைகிற இடம்கூட இல்லை. ஹேண்டில் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். கத்தலும் நின்றது. "இது சீல்டு பேரிங். இனிமே ஆயுசுக்கும் பிரிக்க வேணாம்" என்று வாய் கிழியப் பேசினேன். தங்கச்சி அதைத் தன் லைன் முழுக்கப் பரப்பிவிட்டாள். அவளோடு வேலை செய்கிற ஐந்து பெண்களின் சைக்கிளுக்கும் வளையம் போட்டுக் கொடுத்தேன். டீ டைமில் அவர்கள் என்னை இன்ஜினியர் அண்ணா என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

மழைக்காலம் ஒன்று போனது. அடுத்த வருஷம் ஒருநாள் தங்கச்சி, "அண்ணா, ஹேண்டில் நேரா இருக்கும்போது ஒரு எடத்துல டக்குனு நிக்குது. தள்ளி திருப்ப வேண்டியதா இருக்குது" என்றாள். நான் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தேன். நேராக வருகிற இடத்தில் ஏதோ பள்ளத்தில் விழுவது தெரிந்தது. ஃபிட்டர் வேலை பார்க்கிறவனுக்கு அது தெரியாதா? கப்பில் குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து குழி பறித்துவிட்டன என்று கைக்குத் தெரிந்தது. வாய்தான் வேறு சொன்னது. "சீல் டைட்டா இருக்குது, அதான். ஓட ஓட சரியாய்டும்." ஐந்து பேர் சைக்கிளில் போட்டுக் கொடுத்துவிட்டேனே, இப்போது இதைப் பிரித்து உள்ளே ஏதாவது இருந்துவிட்டால் இன்ஜினியர் அண்ணனின் மானம் என்ன ஆவது. அவள் இரண்டு நாள் பொறுத்து மறுபடி கேட்டாள். "ஜாஸ்தியாவுதுண்ணா. பேஜாரா இருக்குது." சரி, ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டான். லைன் நிற்கிற நாளில்தான் மிஷின் வேலை பார்க்க முடியும். நான் கிளம்பும்போது அம்மா சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். முட்டி வலி, நடக்க முடியாது. வழக்கமாக நான்தான் கூட்டிப் போவேன். தங்கச்சி வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு பாக்கறேன்னியேண்ணா" என்றாள். "சாயங்காலம் வந்து பிரிச்சிடறேன். அம்மாவ மெதுவா கூட்டினு போ." இதுதான் நான் சொன்னது. மெதுவாகத்தான் போயிருக்கிறாள். பைபிள் இருந்த கவரை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். கல்வெர்ட் என்கிற குட்டிப் பாலத்தைத் தாண்டியதும் ரோடு இடது பக்கம் வளையும். நேரே போனால் மூடி இல்லாத சிமெண்ட் கால்வாய். எதிரில் லாரி இல்லை, நாய் இல்லை, ஒன்றுமே இல்லை. சைக்கிள் வளையாமல் நேராகப் போய் கால்வாயில் இறங்கிவிட்டது. தங்கச்சிக்கு முகவாயில் சிராய்ப்பு. அம்மாவின் பின்மண்டை சிமெண்ட் விளிம்பில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனது.

நான் போனபோது தங்கச்சி ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "திருப்பணும்னுதான் நெனச்சேண்ணா. கை வரல" என்றாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். கை வரல, கை வரல. பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொம்பள புள்ள, பயந்துட்டா. கை வெலவெலத்துப் போய்ட்டு இருக்கும். இத வச்சி அவள ஒண்ணும் திட்டாத" என்றார். பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அடக்கத்தில் ஊரே அதைத்தான் பேசியது. வளைவில் பயந்துட்டாளாம், ஹேண்டிலைத் திருப்பவே இல்லையாம். பார்த்த ஒரு ஆளும் அதையேதான் சொன்னான். பாவம், அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் எல்லோரும் கல்லறைக்குப் போயிருந்தபோது சைக்கிளைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளும்போதே தெரிந்துவிட்டது. ஹேண்டில் இரண்டு விரற்கடை திரும்பியது, அதற்கு மேல் அசையவில்லை. நான் முழு பலத்தோடு திருப்பியும் அசையவில்லை. ஃபோர்க்கை இறக்கினேன். தோல் வளையம் ஊறி உப்பி, கன்னங்கரேலென்று இருந்தது. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வந்தது. மரப்பட்டையில் பதனிட்ட தோலில் இரும்பும் ஈரமும் பட்டால் கறுத்துவிடும் என்பது எங்கள் ஊரில் தோலைத் தொட்டவன் எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதற்குள்ளே கப், குண்டுகள் இருந்த இடத்திலெல்லாம் குழி குழியாக அரித்திருந்தது. குண்டுகளை வரிசையாகப் பிடித்திருக்கிற தகர வளையம் துருப்பிடித்து இரண்டாக உடைந்து, ஒரு துண்டு குண்டுக்கும் கப்புக்கும் நடுவில் ஆப்பாகச் சொருகியிருந்தது. அவள் கை வந்திருக்கிறது. ஹேண்டில்தான் வரவில்லை.

அப்போதே தெருவுக்கு ஓடிப்போய்க் கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆம்பூரில் வாங்கினால் கடைக்காரன் கேட்பான் என்று பஸ் ஏறி பள்ளிகொண்டா போய், புது கோன் செட் வாங்கி வந்து மாட்டினேன். மேல் கப், கீழ்க் கப், குண்டுகள் எல்லாம் புதுசு. பழைய கப்பையும் வளையத்தையும் எறிய மனசு வரவில்லை, டப்பாவில் போட்டேன். அடுத்த வாரமே கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் அந்த ஐந்து பெண்களின் சைக்கிளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வளையத்தைப் பிடுங்கினேன். சர்வீஸ் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஐந்திலும் உள்ளே ஈரம், ஐந்திலும் குழி விழ ஆரம்பித்திருந்தது. கப், குண்டு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். அம்மா செத்த துக்கத்திலும் எங்க சைக்கிளைப் பார்த்துக் கொடுக்கிறாரே என்று அவர்கள் கண் கலங்கினார்கள். அந்தக் கண்ணீரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாசம் கழித்து தங்கச்சி கேட்டாள். "அண்ணா, அந்த சைக்கிள ஒரு தடவ பாக்கணும். ஹேண்டில் மாட்டிக்கிச்சோன்னு தோணுது. அதான் நான் உங்கிட்ட சொல்லிட்டே இருந்தேனே." பின்பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினேன். அவள் இரண்டு பிடியையும் பிடித்தாள். இடது பக்கம் முழுக்கத் திருப்பினாள், வலது பக்கம் முழுக்கத் திருப்பினாள். புது குண்டு, புது கிரீஸ். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போய் வந்தது. பத்துத் தடவையாவது திருப்பியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் நேராக வருகிற இடத்தில் நிறுத்தி, அந்த 'டக்' வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. கையை எடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. அப்போ என் கைதான்" என்றாள்.

நான், "விடு பாப்பா" என்றேன்.

அன்றைக்கு அவளிடமிருந்து நான் பிடுங்கியதை இன்றுவரை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. வேலைக்குத் திரும்பினாள். நேர்த்தையல் வந்தது. வளைவு வருகிற இடத்துக்கு முன்னால் மிஷினை நிறுத்திவிடுவாள். கை நடுங்கவில்லை, சும்மா நின்றுவிடும். சூப்பர்வைசர் ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளை பேக்கிங்கில் போட்டார். எக்ஸ்போர்ட் கை, பெட்டிக்கு லேபிள் ஒட்டியது. கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலைச் சுழற்றி ஊறவைக்கிற டிரம் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்ட மாட்டாள், மாடிப்படி இறங்க மாட்டாள். நான் போனால் என்னிடம் நீட்டுவாள். "நீ தூக்கிக்கோண்ணா. உன் கை நல்ல கை." அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை அந்தப் படியில் இறங்கியிருப்பேன். ஒவ்வொரு படியிலும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். கடைசிப் படி வந்ததும் அடுத்த தடவை என்று தோன்றும்.

அந்த வருஷங்களில் நான் செய்தது ஒன்றே ஒன்று. சீல் என்றால் என்ன என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. அந்தச் சைக்கிளைச் செய்தவன் முட்டாள் இல்லை என்று மெதுவாகத்தான் புரிந்தது. கீழ்க் கப்பில் அந்த மெல்லிய இடைவெளியை அவன் மறந்து விட்டுவிடவில்லை. அதில் நிரம்பி நிற்கிற கிரீஸ்தான் அங்கே சீல். தண்ணீர் எப்படியும் கொஞ்சம் போகும். போனது அதே வழியில் வடியவும் வேண்டும், உலரவும் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தால் அது பாட்டுக்கு ஓடும். ரப்பர் உதடு தண்ணீரைக் குடிக்காது, தோல் குடிக்கும். கிரீஸில் ஊறினாலும் நாளானால் கிரீஸை விட்டுவிட்டு உப்புத் தண்ணீரைக் குடிக்கும். குடித்ததை இரும்போடு அணைத்து வைத்துக்கொள்ளும். நான் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே பூட்டி வைத்தேன். இத்தனையும் யோசித்துப் புரிந்துகொண்ட பிறகும் டப்பாவின் மூடியை நான் திறக்கவில்லை. என்ன புரிந்து என்ன பிரயோசனம்.

இந்த வருஷம் தங்கச்சி மகள் பதினொன்றாவது. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். மேல்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர் தள்ளி, நேரத்துக்கு பஸ் கிடையாது. அவளுக்கும் இலவச சைக்கிள் வந்தது. தங்கச்சி அதை வீட்டுக்குள் விடவில்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாவியைத் தன் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள். படிப்பு போதும், கம்பெனியில் தையல் டிரெய்னிங்கில் சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டாள். பெண் என்னிடம் ஓடி வந்தாள். "மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. உங்க பேச்ச மட்டும்தான் கேப்பாங்க" என்று என் முன்னால் நின்று அழுதாள். நான் போய்ச் சொன்னேன். தங்கச்சி பதறாமல் பதில் சொன்னாள். "அவளுக்கும் என் கைதாண்ணா. நான் பாத்துட்டேன், பேனா புடிக்கறதுகூட அப்படியேதான் இருக்குது. ஒரு தடவ கொன்னது போதாதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு போனேன். மத்தியானம். அவள் முறத்தில் அவரைக்காய் வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். பதினேழு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "அம்மா போன அன்னிக்கு ஹேண்டில் லாக் ஆயிடுச்சு பாப்பா. உன் கை இல்ல. நான் போட்ட சீல்" என்று மட்டும் வந்தது. அவளுக்குப் புரியவில்லை. கப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன். வளையம் எங்கே உட்காரும், தண்ணீர் எப்படிப் போகும், உடைந்த தகரம் எங்கே சொருகியிருந்தது என்று எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் ஆட்காட்டி விரல் கப்புக்குள் மெதுவாகச் சுற்றியது. ஒவ்வொரு குழியிலும் இறங்கியது, ஏறியது, அடுத்த குழியில் இறங்கியது. வளைவில் தோலைத் திருப்புகிற அதே விரல்.

"இதுதான் டக்குனு நின்னுதா?" என்றாள்.

"ஆமா."

"நான் சொன்னேனே."

"சொன்ன."

விரல் இன்னொரு சுற்று கப்புக்குள் போய் வந்தது. பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "ஒரு மாசம் கழிச்சு சைக்கிள கொண்டாந்து காட்டினியே. நான் திருப்பித் திருப்பிப் பாத்தேனே. அப்போ இது எங்க இருந்துச்சு?"

"என் டூல் பாக்ஸ்ல."

அடிப்பாள், கத்துவாள், முறத்தைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அதில் ஏதாவது ஒன்றைச் செய்யட்டும் என்று ஏங்கினேன். அவள் செய்யவில்லை. தோல் வளையத்தை இரண்டு விரலால் எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள். என் பக்கம் நகர்த்தினாள். "இது உன்னுது. கப்பு இங்க இருக்கட்டும்" என்றாள். எழுந்து, கப்பைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "கெளம்புண்ணா" என்றாள். அண்ணா என்று அவள் கூப்பிட்டது அதுதான் கடைசி. வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே பெரிதாக ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. அம்மாவின் அடக்கத்தில்கூட அவள் அப்படி அழுததில்லை. திரும்பிப் போக எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சங்கிலி அவிழ்ந்துவிட்டது என்று தங்கச்சி மகள் போனில் சொன்னாள். தன் அம்மா தினமும் சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் மைதானத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டிப் பார்க்கிறாள் என்றாள், இரண்டு தடவை விழுந்துவிட்டாள் என்றாள். உங்களுக்குள் என்ன சண்டை மாமா என்று கேட்டாள். நான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். அப்புறம் என்கிற வார்த்தையை என் வாயிலிருந்து அறுத்து எறிந்தால் தேவலை.

போன வாரம் ஒரு காலையில் கல்வெர்ட் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். தங்கச்சி வந்தாள், புது சைக்கிளில். பின்னால் கேரியரில் யூனிஃபார்மில் மகள், மடியில் புத்தகப் பை. கால்வாய்க்கு இப்போதும் மூடி இல்லை. வளைவு வந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினாள், சைக்கிள் திரும்பியது. பெண் என்னைப் பார்த்து, "மாமா" என்று கையசைத்தாள். தங்கச்சியும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

டப்பா பழைய இடத்தில்தான் இருக்கிறது. வளையம் மட்டும் உள்ளே. டூல் பாக்ஸைத் தூக்கினால் இப்போது அந்த 'கிளிங்' வருவதில்லை. வளையம் இருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.